நீங்க வீட்டுக்கு வந்ததும்

"நீங்க வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா சமையலறைக் குழாயைப் பார்க்கணும்," என்றாள் அவள். "சொட்டிக்கிட்டே இருக்கு. ஆளைக் கூப்பிடலாம்தான், எனக்கு மனசு வரல. நீங்களே வந்து பாருங்கன்னு அடியில ஒரு வாளியை வச்சிருக்கேன்."

அந்தக் குடிமறுவாழ்வு இல்லத்தில் வட்டமாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த ஆண்கள் அத்தனை பேரும் கைதட்டினார்கள். அவளுடைய புருஷன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். பெரிய பெரிய கட்டடங்களில் நடுவழியில் நின்றுபோன லிஃப்டுகளை ஏற்றி இறக்கியவன். ஒரு குழாய்க்கு வாஷர் மாற்றப் பெண்டாட்டி தனக்காகக் காத்திருக்கிறாள் என்பதில் அவனுக்கு அப்படியொரு பூரிப்பு.

குழாய் சொட்டவில்லை. போன மாதமே ஆள் வைத்துச் சரிசெய்தாகிவிட்டது. வாளியும் கிடையாது. பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து ஜோடித்த பச்சைப் பொய் அது. அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். அவன் குடியை விட்டு, சிகிச்சையை முழுசாக முடித்து, வீடு வந்து சேர வேண்டும். சேர்ந்த மறுநாள் அவள் அந்த வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். கேட்கிறவர்களுக்கு இது கொடுமையாகத் தெரியலாம். தெரியட்டும். அவளோடு ஒரு வாரம் அந்த வீட்டில் இருந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம்.

வீட்டில் மாமியார் இருந்தாள். வலது பக்கம் முழுக்க வாதத்தில் விழுந்துவிட்டது. வாயும் ஒரு பக்கமாகக் கோணிவிட்டதால் பேச்சு குழறும். அந்தக் குழறலைப் புரிந்துகொள்ள உலகத்தில் இரண்டே பேர்தான், மகனும் மருமகளும். ஆரம்பத்தில் கைத்தாங்கலாகப் பிடித்தால் நாலு எட்டு வைத்து நடக்கிறவளாகத்தான் இருந்தாள். ஒரு நாள் மருமகள் வேலைக்குப் போயிருந்த நேரம், மகன் நன்றாக ஊற்றிக்கொண்டு வந்து, அம்மாவைக் குளியலறைக்குத் தூக்கிப் போகிறேன் என்று பாசம் பொங்கி வழியத் தூக்கினான். தூக்கியவன் பாதியில் போட்டான். போட்டுவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக் குறட்டையும் விட்டான். அவள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது கிழவி ஈரத்தரையில் கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். இடுப்பெலும்பு போய்விட்டது. அன்றிலிருந்து கட்டிலும் சக்கர நாற்காலியும்தான்.

அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடமெல்லாம் அவன் "அம்மா வழுக்கி விழுந்துட்டாங்க" என்றான். அவளும் அதையே சொல்லித் தொலைத்தாள்.

அவள் பெரிய கேக் கடை ஒன்றில் கேக்குகளின் மேல் பெயர் எழுதுகிறவள். ஊரார் வீட்டுப் பிறந்தநாளுக்கும் கல்யாணநாளுக்கும் வாழ்த்து எழுதி எழுதியே மணிக்கட்டு தேய்ந்தவள். கூட வேலைபார்த்த தோழி ஒருத்தி வேறொரு ஊரில் சொந்தமாகக் கடை போட்டிருந்தாள். மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கிறது, வந்துவிடு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போவதற்குக் கால் துடித்தது. ஆனால் கிழவியை அந்தக் குடிகாரன் கையில் விட்டுவிட்டுப் போக மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. மனசாட்சி என்ற ஒன்று அவளுக்கு இல்லாமல் இருந்திருந்தால் எல்லோரும் நன்றாக இருந்திருப்பார்கள்.

ஆகவே அவன் திருந்த வேண்டும். அதற்கு முன்னால் இரண்டு தடவை இதே போன்ற இல்லங்களில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். இரண்டு தடவையும் பாதியில் மதில் ஏறிக் குதித்து வந்துவிட்டான். மூன்றாவதாகத்தான் இந்த இடம்.

இங்கே வார்டன் ஒரு மாதிரியான மனிதர். ஒரு காலத்தில் அவரே மகா குடிகாரர். இப்போது குடிக்குப் பதில் கைதட்டல். ஒருவன் பல் விளக்கினால் கைதட்டுவார், அழுதால் கைதட்டுவார், சாப்பாட்டைக் கீழே சிந்தாமல் சாப்பிட்டால் அதற்கும் கைதட்டுவார். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே கைதட்டல்தான். அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது.

"மருந்து உடம்பைப் பார்த்துக்கும் தங்கச்சி," என்றார் அவளிடம், சேர்த்த அன்றைக்கே. "ஆனா ஆளை உள்ள உட்கார வைக்கிறது மருந்து இல்ல. வெளிய தனக்காக ஏதோ ஒண்ணு காத்துக்கிட்டு இருக்குன்னு அவன் நம்பணும். நம்புறவன் முடிச்சுட்டுப் போவான். நம்பாதவன் மதில் ஏறுவான். நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்."

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை வட்டம். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் எழுந்து நின்று, "நீங்க வீட்டுக்கு வந்ததும்" என்று ஆரம்பித்து ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். பெரிய விஷயமெல்லாம் வேண்டாம், சின்னதாக இருந்தால் போதும் என்பார் வார்டன். மற்ற வீட்டுக்காரர்கள் இதில் படுமோசம். "நீங்க வீட்டுக்கு வந்ததும் ஒழுங்கா இருக்கணும்" என்று ஒருத்தி மூக்கால் அழுவாள். "வந்ததும் வேலைக்குப் போடா" என்று ஒரு அப்பா பல்லைக் கடிப்பார். கேட்கிறவனுக்கு அங்கேயே ஒரு பெக் அடிக்கத் தோன்றும்.

அவள் எழுந்தால் கதை வேறு. "நீங்க வீட்டுக்கு வந்ததும் காலையில நான் லேட்டாத்தான் எந்திரிப்பேன், டீ போடுறது உங்க பொறுப்பு" என்பாள். அடுத்த வாரம், கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட வேண்டும், ஒருத்தியால் நகர்த்த முடியவில்லை என்பாள். வீட்டில் ஒரு ஆணுக்கு இடம் ஒதுக்கி வைத்திருப்பதுபோல் தோன்றும்படி, நாக்கில் எங்கே எவ்வளவு சர்க்கரை வைப்பது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தொழில் அப்படி.

இதில் ஒரு கூத்து. அவளுடைய பொய்யைக் கேட்பதற்காகவே மற்ற ஆண்களும் ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்க்க ஆரம்பித்தார்கள். அங்கே பேங்க்காரர் என்று ஒருவர் இருந்தார். அவரைப் பார்க்க யாருமே வருவதில்லை. ஒரு நாள் அவர் கூச்சத்தோடு, "எனக்கும் ஒண்ணு சொல்லும்மா" என்று கேட்டார். யோசிக்கக்கூட இல்லை அவள். "நீங்க வீட்டுக்கு வந்ததும் உங்க பொண்ணு ஓடி வந்து கதவைத் திறப்பா, உள்ள வாப்பான்னு சொல்ல மாட்டா, ஆனா கதவைத் திறந்தபடியே விட்டுட்டுப் போவா" என்றாள். அந்த மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டே சிகிச்சையை முடித்தார். முடித்துவிட்டு வீட்டுக்குப் போனால் பூட்டையே மாற்றியிருந்தார்கள். நேராகச் சாராயக்கடைக்குப் போனவரை ஒரு லாரி முடித்துவிட்டது. வார்டன்தான் அதை அவளுக்குப் போனில் சொன்னார். அப்புறம் ஒரு கேக்கில் எழுத்துப்பிழை வந்தது. அவ்வளவுதான், அதற்குமேல் அதை நினைக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

புருஷன் மதில் ஏறவில்லை. அதுதான் முக்கியம். வட்டத்தில் ஒவ்வொருவனும் தான் செய்த பாவத்தை எழுந்து சொல்ல வேண்டும் என்பது இன்னொரு வழக்கம். அவன் எல்லாவற்றையும் சொன்னான். பெண்டாட்டியின் சம்பளத்தைத் திருடியது, லிஃப்டுக்குள் ஒரு கர்ப்பிணியை மாட்டிக்கொள்ள விட்டுவிட்டுக் கடைக்குப் போனது, எல்லாம். அம்மாவைப் போட்டதை மட்டும் சொல்லவில்லை. "அம்மா வழுக்கி விழுந்தாங்க, அப்ப நான் பக்கத்துல இல்ல" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கிளறினால் ஓடிவிடுவான் என்று விட்டுவிட்டாள்.

வாரத்தில் ஒரு மாலை அவன் வீட்டுக்கு போன் செய்யலாம். அவள் போனைக் கிழவியின் காதோரம் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். தாயும் மகனும் பேசும்போது நடுவில் நிற்கக் கூடாது என்கிற மரியாதை. அந்த மரியாதைதான் அவள் குடியைக் கெடுத்தது.

ஏனென்றால் கிழவிக்கு எல்லாம் தெரியும். அவளிடம் மறைக்கப் பிடிக்காமல், தலை வாரிவிடும்போது மருமகளே சொல்லியிருந்தாள்.

"அத்தை, உங்க பையன் தேறி வந்ததும் நான் கிளம்பிடுவேன். அவர் பார்த்துக்குவாரு உங்களை."

கிழவி கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

முடிக்கிற நாள் வந்தது. அவள் கடையிலிருந்து ஒரு கேக் கொண்டுபோனாள், வார்டன் கேட்டிருந்தார் என்பதற்காக. பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. தோழியிடம் சொல்லியாகிவிட்டது. வட்டத்தில் அவள் எழுந்து, நீங்க வீட்டுக்கு வந்ததும்னு இனிச் சொல்ல ஒண்ணும் இல்ல, வாங்க போகலாம் என்றாள். ஒரு சில பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முடிக்கிறவன் பதில் பேச வேண்டும். அவன் எழுந்தான். முகம் தெளிந்து, கன்னம் பூசினாற்போல் ஆகி, கல்யாணத்தின்போது இருந்த ஆள் மாதிரியே இருந்தான்.

"நான் வீட்டுக்குப் போகல," என்றான். "இங்கேயே வேலைக்குச் சேர்ந்துட்டேன். தண்ணி மோட்டார், ஜெனரேட்டர் எல்லாம் இனி என் பொறுப்பு. வெளிய போனா நான் குடிச்சிருவேன். இங்க இருந்தா குடிக்க மாட்டேன். அம்மாவை என் பெண்டாட்டி பார்த்துக்குவா. அவளை மாதிரி ஒருத்தி கிடைக்க நான் கொடுத்து வச்சிருக்கணும்."

வார்டன் நாற்காலியை விட்டே எழுந்து கைதட்டினார். "இதுதான் முடிக்கிறதுங்கிறது. தங்கச்சி, பின்பக்கம் ஸ்டாஃப் ரூம் ஒண்ணு ஒழிச்சுக் கொடுக்கிறேன். குடும்பத்தோடயே இருக்கலாம். நீயும் எப்ப வேணா வா. உன் வாய்க்காகவே இங்க பத்துப் பேர் திருந்துவாங்க."

எல்லோரும் தட்டினார்கள். அவளும் தட்டினாள். அவ்வளவு பேருக்கு முன்னால் வேறு என்ன செய்ய?

கேக்கை வெட்டித் தின்று முடித்ததும் அவள் அவனைத் தேடிப் பின்பக்கம் போனாள். மோட்டார் அறையில், புது வேலைக்காரனுக்குரிய கரிசனத்தோடு, அவன் ஒரு நட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க இது?"

"அம்மா சொல்லிச்சு," என்றான் அவன், நிமிராமல். "நான் வந்தா நீ போயிடுவியாம். போன்ல ஒவ்வொரு வாரமும் அதையேதான் சொல்லும். வராதே, அங்கேயே இரு, நீ வந்தா அவ போயிடுவான்னு அழும்."

"தெரிஞ்சேவா இத்தனை நாளும் உட்கார்ந்து கேட்டீங்க?"

"நல்லா இருந்துச்சு. குழாய், டீ, கட்டில் எல்லாம் நல்லா இருந்துச்சு. வீட்டுல இருந்தப்ப என்கிட்ட ஒரு தடவை அப்படிப் பேசியிருக்கியா?"

"அத்தையை யார் பார்க்கிறது?"

"நீதான் பார்த்துக்கிட்டு இருக்கியே." நட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். "என்னால அம்மா மூஞ்சியைப் பார்க்க முடியாது. பார்த்தா குடிப்பேன். சத்தியமா சொல்றேன், அதை மட்டும் என்னால முடியாது."

அவன் உண்மையைத்தான் சொன்னான். குடிகாரன் திருந்தினால் உண்மை பேச ஆரம்பித்துவிடுவான், அதுதான் அதில் உள்ள கஷ்டம். அவள் அதற்குமேல் நிற்கவில்லை. பஸ்ஸில் வழி நெடுக அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அவனை எண்ணிக்கூட அல்ல, கட்டிலில் கிடக்கிற அந்த ஒற்றைக் கைக்காரியை எண்ணி.

வீட்டுக்குள் நுழைந்ததும் கிழவி வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் தனியாக வருகிறாள் என்று தெரிந்ததும், நல்லாயிருந்த பாதி முகத்தில் மட்டும் ஒரு நிம்மதி வந்தது. அதை மறைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"உங்க பையன்கிட்ட என்ன சொன்னீங்க அத்தை?"

கிழவி குழறினாள். "அவன் கையில என்னைக் கொடுத்துடாதே. நீ திட்டு, அடிக்கக்கூட அடி. நீ மட்டும் என்னைக் கீழ போட மாட்டே."

"அவர் இப்ப குடிக்கிறதில்ல."

"குடிக்காதப்பவும் அவன் என்னைத் தொடும்போது கை நடுங்கும். சின்ன வயசுலேருந்தே நான் அடிச்ச அடி அப்படி." கிழவி மூச்சு வாங்கிக்கொண்டு மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். "உனக்கு என்னைப் பிடிக்காது, தெரியும். பிடிக்காமலே பார்த்துக்கோ. எனக்கு அது போதும்."

இதைக் கேட்டு ஒருத்திக்கு மனம் இளக வேண்டும். அவளுக்கும் இளகத்தான் செய்தது. அந்த இளக்கத்தையே கண்டு பயந்துபோனாள். இன்று இளகினால் இந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தனக்கும் வயதாகிவிடும், தன் வாயும் ஒரு நாள் இப்படிக் கோணும், அப்போது மணிக்கட்டைப் பிடித்துக் கெஞ்ச மருமகள்கூட இருக்க மாட்டாள். தாயும் மகனும் சேர்ந்து தன்னைக் கட்டிப்போட்டுவிட்டார்கள், அதுவும் தன் கையில் இருந்த கயிற்றாலேயே. அன்று கிழவிக்கு ஊட்டிவிட்டாள். துடைத்துவிட்டாள், துணி மாற்றினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கிழவி அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அயர்ந்து தூங்கினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேனைப் பிடித்தாள். "எங்க போறோம்?" என்று கிழவி கேட்டதற்கு, "உங்க பையனைப் பார்த்துட்டு வருவோம், அவ்வளவுதான்" என்றாள். நல்ல உடுப்பாகப் போட்டுவிட்டு, தலை வாரி, முகத்துக்குப் பவுடர்கூடப் போட்டுவிட்டாள். மருந்துப் பெட்டி, மாற்றுத் துணி, படுக்கைப் புண்ணுக்கான களிம்பு எல்லாம் ஒரு பையில் வந்தன. அவளுடைய சொந்தப் பை வேறாக வந்தது.

வட்டம் கூடியிருந்தது. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. புருஷன் இப்போது வேலைக்காரன் என்பதால் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். தாயைப் பார்த்ததும் அவன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அவளுடைய முறை வந்ததும் அவள் எழுந்தாள்.

"இவர் வீட்டுக்கு வர மாட்டேன்னுட்டாரு," என்றாள். "அதனால வீட்டை இங்க கொண்டு வந்துட்டேன். குடும்பத்தோட இருக்கலாம்னு வார்டன் அண்ணன்தான் சொன்னாரு. அந்த நல்ல மனசுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போறேனோ. அத்தை இனி மகன்கூடத்தான். மருந்து எல்லாம் பையில இருக்கு. எப்படித் தூக்கணும்னு அவருக்குத் தெரியும்."

வார்டனுக்கு ஒரு கணம் கை எழவில்லை. தான் சொன்ன வாக்கு, அதுவும் அத்தனை பேருக்கு முன்னால் சொன்னது. இல்லை என்று எப்படிச் சொல்வார்? "அப்ப நீ தங்கச்சி?" என்று இழுத்தார்.

"எனக்கு வேலை வேற ஊருல கிடைச்சிருக்கு அண்ணே. வந்து போயிட்டு இருப்பேன்."

அவள் குனிந்து பையை எடுக்கப்போனபோது கிழவியின் இடது கை பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பற்றியது. வாய் கோணி, எச்சில் வழிய, கிழவி ஏதோ கத்தினாள். திரும்பத் திரும்ப ஒன்றையே கத்தினாள். அவன் என்னைத் தூக்கிப் போட்டவன், என்னை இவன்கிட்ட விட்டுட்டுப் போகாதே, சாகடிச்சிட்டாவது போ. அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் அது விளங்கியது. ஒருத்தி தன் கையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டார் வார்டன்.

கேட்டது மகனை. அவன் வாயைத் திறந்தான். சொல்ல வேண்டுமானால், தான் அவளைப் போட்டதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கழுவிய முகமும் புதுச்சட்டையுமாக அவன் சுவரில் சாய்ந்தபடி அவளைப் பார்த்தான். காப்பாற்று என்று கெஞ்சுகிற பார்வை. அவள் காப்பாற்றினாள்.

"மகன்கூட இருக்கப்போறேன், இனி எனக்கு ஒரு குறையும் இல்லங்கிறாங்க," என்றாள். "என்னை நல்லா இருன்னு வாழ்த்துறாங்க."

வார்டன் முகம் மலர்ந்து கைதட்ட ஆரம்பித்தார். நாற்காலிகளில் இருந்தவர்கள் தட்டினார்கள். எல்லோருக்கும் கடைசியாக, சுவரோரம் நின்றவனும் மெல்லத் தட்டினான்.

பிடித்த பிடி போனதும் கிழவி, அசைகிற அந்த ஒரு கையால் நாற்காலியின் கைப்பிடியைப் படபடவென்று அடித்தாள். நிறுத்தாமல் அடித்தாள்.

"பாருங்க, அம்மாவே தட்டுறாங்க," என்றார் வார்டன்.

எல்லோரும் இன்னும் பலமாகத் தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் அவள் தன் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.